நான் மேற்குக்கு நகர்த்திய சண்டைக்களம்

செத்தவர்களைப் புகழ்ந்து பாட்டுக் கட்டுவதில் எங்கள் தீவுப்பகுதியிலே எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லைதான். ஆனால் வேறு யாரும் சொல்லக் காணோம், நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடக்கும்போது, அவருடைய ஊர், குலம், குணம், விட்டுப்போன சுற்றம் எல்லாவற்றையும் பாட்டாக்கி, சிறு புத்தகமாக அச்சடித்து, வந்தவர்கள் கையில் கொடுப்பது எங்கள் வழக்கம். அதைக் கல்வெட்டு என்போம். நான் நெடுந்தீவில் உதவி ஆசிரியராக இருந்த நாட்களில், நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு என்று மூன்று தீவிலும் யாருக்காவது மூச்சு இழுக்கத் தொடங்கினால் வீட்டாருக்கு என் நினைவு வரும். நோயாளிகள் என்னை வாசலில் கண்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள்.

தொழில் இரகசியம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் உண்மையில் இயற்றியவை நான்கே கல்வெட்டுகள். பிள்ளைகுட்டி பெற்ற ஆணுக்கு ஒன்று, பிள்ளையில்லாத ஆணுக்கு ஒன்று, புருஷனுக்கு முந்திப் போன பெண்ணுக்கு ஒன்று, பிந்திப் போனவளுக்கு ஒன்று. மற்றவை எல்லாம் இவற்றில் பெயரை வெட்டி வேறு பெயரை எழுதியவை. யாரும் கண்டுபிடிக்கவில்லை. அது என் சாமர்த்தியத்தால் அல்ல, கல்வெட்டை யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். ஒருவர் ராகம் இழுத்து அதைப் படிக்கும்போது முற்றத்தில் ஆண்கள் பந்தி எப்போது என்று குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருப்பார்கள். பாட்டில் செத்தவன் பெரிய வள்ளலாகவும் தருமவானாகவும் இருப்பான். அவன் பக்கத்து வளவுக்காரனின் எல்லையை அரக்கித் தன் பக்கம் சேர்த்தவன் என்பது முற்றத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். கல்வெட்டுப் பொய் பாவக் கணக்கில் சேராது என்று நாங்கள் எல்லோருமே நம்பியிருந்தோம்.

இந்த லட்சணத்தில் இருந்த என்னிடந்தான் அவருடைய கல்வெட்டும் வந்து சேர்ந்தது.

அவர் அரசாங்கத்தில் அம்மைப்பால் குத்துகிற உத்தியோகம் பார்த்தவர். தீவு முழுவதும் கால்நடையாகப் போய், வீடு வீடாகப் பிள்ளைகளின் கையில் கீறி மருந்து வைப்பார். பிள்ளை அலறாமல் இருக்க ஒரு கதை சொல்லுவார். எப்போதும் ஒரே கதைதான். முன்னொரு காலத்தில் பறங்கிக் கப்பல் ஒன்று வந்து நின்றது, அதிலிருந்து மாடு பிடிக்க ஆட்கள் இறங்கினார்கள், எங்கள் கிழக்குக் கரையில் தீவார் அவர்களை மறித்தார்கள் என்ற கதை. எங்கள் தீவில் ஒரு தலைமுறைக்கே அந்தச் சண்டையை நினைத்தால் கை வலிக்கும்.

மற்றவர்களுக்கு அது கதை, அவருக்கு அது ஓர் இடம். கரையோரமாக வளைந்து கிடந்த கடலில் எடுத்த முருகைக்கல்லால் கட்டிய இடுப்பளவு மதில் ஒன்றும், அதற்குப் பின்னால் இரண்டு மண்மேடுகளும். ஒரு மேட்டில் எங்கள் ஆட்கள், மற்றதில் அவர்களுடைய ஆட்கள் என்று சொல்லுவார். எது எவருடையது என்று கேட்டால் தெரியாது என்பார். மாடு மிதிக்காமல் இரண்டுக்கும் ஒரே அளவாக முள்மரக் கொப்பு வெட்டிப் போடுவார். உத்தியோகம் முடிந்த நேரமெல்லாம் அவருக்கு அங்கேதான். வள்ளத்துக்குக் காத்திருப்பவர்கள், கோயிலுக்கு வந்தவர்கள், மாடு தேடி வந்தவர்கள் யார் அகப்பட்டாலும் கூட்டிக்கொண்டு போவார்.

"நிண்டு பார்த்தால் விளங்காது. மதிலுக்குப் பின்னாலை படுத்துப் பாருங்கோ. பாய்மரத்தின்ரை தலைப்பு மட்டும் தெரியும். அவைக்கும் அண்டைக்கு அவ்வளவுதான் தெரிஞ்சது."

படுத்தவன் எழும்பி, "அப்ப ஆர் வெண்டது?" என்று கேட்பான்.

"தெரியாது. மாட்டைக் கொண்டு போச்சினமோ இல்லையோ எண்டும் தெரியாது. இதிலை ஆக்கள் படுத்திருந்தவை. அது மெய்."

இப்படிக் கதை சொன்னால் ஊரில் யாருக்குப் பிடிக்கும்? சைவக்காரருக்கு நாங்கள் வென்றோம் என்று சொல்ல வேண்டும். வேதக்காரருக்கோ, தங்கள் சுவாமியைக் கொண்டுவந்தவர்கள் மாடு திருட வந்தார்கள் என்பதே பிடிக்காது. அவர் இரண்டு பக்கத்துக்கும் தெரியாது என்ற ஒரே பதிலைச் சொல்லி இரண்டு பக்கத்தாரிடமும் பேச்சு வாங்கினார். யாராவது மண்ணில் ஈயக்குண்டு ஒன்றைக் கண்டெடுத்து மடியில் செருகினால், கெஞ்சி வாங்கி, எடுத்த இடத்திலேயே வைப்பிப்பார். "கொண்டு போனால் அது வெறும் ஈயம். இஞ்சை கிடந்தால்தான் சாட்சி" என்பார். எழுதி வைக்கச் சொன்னால், "எழுதினால் முடிஞ்ச மாதிரி. இன்னும் விசாரிக்க ஆக்கள் இருக்கினம்" என்று தட்டிவிடுவார்.

என்னையும் பதினொரு வருடம் கூப்பிட்டார்.

"வாத்தியார், ஒருக்கா வந்து படுத்துப் பாருமன்."

"அண்ணை, எனக்கு வெயில் ஏலாது."

மாரிகாலத்தில் கூப்பிட்டால், "அண்ணை, எனக்கு ஈரம் ஏலாது." வெயிலும் ஈரமும் இல்லாத ஒரு பருவத்தைக் கடவுள் நெடுந்தீவுக்குப் படைக்காதபடியால் நான் தப்பித்துக்கொண்டே இருந்தேன். போகாததோடு நின்றேனா? வள்ளத்தில் போகும்போதெல்லாம், அவர் படுத்துக் காட்டுவதைப்போல் சாக்கு மூட்டைக்குப் பின்னால் படுத்து, ஒற்றைக்கண்ணை மூடி, "பாய்மரத்தின்ரை தலைப்பு" என்று சொல்லிக் காட்டுவேன். ஆட்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். ஒருநாள் அப்படி ஆடி முடித்து நிமிர்ந்தால், பாய்க்கு மறுபக்கத்தில் அவர் இருக்கிறார்.

"நல்லாய்த்தான் செய்யிறீர் வாத்தியார்," என்றார். "ஆனால் இன்னும் பதிஞ்சு படுக்கவேணும். உம்மடை தலை மதிலுக்கு மேலாலை தெரியுது. சுட்டுப் போடுவாங்கள்."

அன்று வள்ளத்தில் எழுந்த சிரிப்பு எனக்குப் பத்து நாள் காதில் நின்றது. அதற்காகவே அவரோடு ஒரு மாதம் நான் பேசவில்லை. அதை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

எங்கள் தீவில் மரம் குறைவு, கல் கொள்ளை. வளவைச் சுற்றி மதில் கட்டவும் கிணறு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் கல்தான். கட்டிக் கிடக்கும் பழைய மதிலைக் கண்டால் எவனுக்கும் கை துருதுருக்கும். வண்டில் அந்தப் பக்கம் போனால் அவர் ஓடிப்போய் மதிலின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். ஒருமுறை யாழ்ப்பாணத்திலிருந்து பெரிய துரை ஒருவர் தீவைப் பார்க்க வந்தபோது அவரையும் மதிலுக்குப் பின்னால் படுக்க வைத்துவிட்டார். துரை சட்டையில் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பி, இந்த இடத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொன்னார். சொன்னதோடு சரி, எழுத்தில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் உயிரோடு இருந்தவரை அந்த வாய்ச்சொல் செல்லுபடியானது. அவர் மதிலின் மேல் உட்கார்ந்திருந்தாரே!

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருடத்துக்கு முன் காய்ச்சலில் விழுந்து எட்டாம் நாள் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. மனைவியின் தம்பி என்னிடம் வந்தான்.

"அக்கா சொல்லுறா, மற்றதெல்லாம் எப்பிடியெண்டாலும் பரவாயில்லையாம். அந்தச் சண்டை நடந்த இடம் இன்ன இடம் எண்டு மட்டும் அதிலை வரவேணுமாம். அவர் எழுதாமல் போட்டாராம்."

எடுத்தேன் இரண்டாம் இலக்கக் கல்வெட்டை, பிள்ளையில்லாத ஆணுக்குரியதை. கடைசியாக அது புங்குடுதீவில் ஒரு காணிக்காரருக்குப் பயன்பட்டிருந்தது. மேற்குக் கரையில் அவருக்குப் பெரிய பனங்காணி. அதில் ஒரு பாட்டு இப்படித் தொடங்கும்:

மேலைக் கரைநிலத்தை மேதினியோர் போற்றிடவே
காலமெலாம் காத்தஎங்கள் காவலனே

பார்த்தவுடன் துள்ளினேன். காத்தவர், காவலன், கரைநிலம்! இவருக்கென்றே செய்து வைத்ததுபோல் இருக்கிறதே! ஒரே சிக்கல், காணிக்காரர் காத்தது மேற்குக் கரை, இவர் காத்தது கிழக்கு. கீழைக் கரை என்று மாற்றினால் இரண்டாம் அடிக்கு எதுகை வேண்டும். யோசித்தேன். ஏழை என்ற சொல்தான் வந்தது. கல்வெட்டில் ஏழை என்று போட்டால் உறவுக்காரர் பொல்லும் தடியுமாக வருவார்கள். தாழை என்று ஒரு மரம் உலகத்தில் இருப்பதும், அது கடற்கரையிலேயே வளர்வதும் எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. எவ்வளவு பிறகு என்றால், பத்து வருடம்.

மேலைக் கரை என்றே விட்டுவிட்டேன். கல்வெட்டில் எவன் திசை பார்க்கப் போகிறான்? யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி அச்சடித்து, முப்பத்தோராம் நாள் படித்தாயிற்று. எனக்குச் சால்வை போட்டார்கள். கிழக்குக் கரை மதிலைப் பிறந்த நாள் முதல் அறிந்த ஐம்பது பேர் அந்த முற்றத்தில் இருந்தார்கள். ஒருவர் வாய் திறக்கவில்லை. பின்னாளில் அவர்களில் ஒருவரைக் கேட்டேன். "கவனிச்சனாங்கள்தான். கல்வெட்டுத்தானே எண்டு விட்டிட்டம்" என்றார்.

நாலு மாதம் கழித்து இறங்குதுறையைத் திருத்தும் வேலையை மேற்பார்க்க ஓர் ஓவசியர் வந்தார். கல் வேண்டும். அவர் நல்ல மனிதர், வந்த வினையும் அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் ஒருவரையும் கேட்காமல் அள்ளியிருப்பார், பழி அவரோடு போயிருக்கும். இவரோ, பெரிய துரை எங்கேயோ கை வைக்கக் கூடாது என்று சொன்னதாகக் கேள்விப்பட்டு, செத்துப்போனவரின் மனைவியைத் தேடிப் போய், "அம்மா, அவர் பாதுகாத்த இடம் எது? எழுத்திலை ஏதும் இருக்கோ?" என்று கேட்டிருக்கிறார்.

அக்கா என்று நாங்கள் எல்லோரும் அழைத்த அவருக்கு எழுத்து வாசனை இல்லை. அலுமாரியைத் திறந்து, சீலைத்துண்டில் சுற்றி வைத்திருந்த கல்வெட்டை எடுத்து, "எல்லாம் இதிலை கிடக்கு" என்று அவர் கையில் கொடுத்துவிட்டார். ஓவசியர் மரியாதையாக வாசித்தார். ஊர்த்தலைவரான விதானையாரையும் கேட்டார். அச்சில் வந்ததை மறுத்துப் பேசுகிறவன் எங்கள் தீவில் அப்போது இன்னும் பிறக்கவில்லை. "புலவர் எழுதினால் சரியாய்த்தான் இருக்கும்" என்றாராம். அவ்வளவுதான். மேற்குக் கரையில் ஆடு மேய்கிற ஒரு வெட்டைவெளியைச் சுற்றிக் கம்பு நட்டுச் சிவப்புத்துணி கட்டி, இதற்குள் யாரும் வரக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். கிழக்குக் கரைக்கு வண்டில்கள் போயின.

மூன்றாம் நாள் காலை, நான் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார். அவர் அந்த மேடுகளுக்கு முள் போடப் போயிருக்கிறார்.

"வாத்தியார், மதிலைப் பிடுங்குறாங்கள். கேட்டால் உம்மடை புத்தகத்தைக் காட்டுறாங்கள். ஒருக்கா வந்து சொல்லும்."

போனேன். வழியெல்லாம் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன். பாட்டுக் கட்டுகிறவர்களுக்கென்று ஒரு புகலிடம் உண்டு. அதற்குள் நேராக ஓடினேன்.

"ஓவசியர் ஐயா, அது அச்சுப்பிழை. நான் கீழை எண்டுதான் எழுதினனான். அச்சுக்காரன் மாத்திப் போட்டான்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஓவசியர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"அப்பிடியெண்டால் உங்கடை கையெழுத்துப் பிரதி இருக்குமே, புலவர்? அதைக் காட்டினால் நான் மேலிடத்துக்குச் சொல்லி வேலையை நிப்பாட்டலாம்."

இருந்தது. ஆனால் என் கையெழுத்துப் பிரதி என்பது புங்குடுதீவுக் காணிக்காரரின் கல்வெட்டுப் புத்தகந்தான். அதில் அவருடைய பெயரை வெட்டி மேலே இவருடைய பெயரை எழுதியிருந்தேன். அதை எப்படிக் காட்டுவது? கல் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் பாதிப் பேரின் தகப்பன்மாருக்கு நான் கல்வெட்டு எழுதியிருந்தேன்.

அப்போது அக்கா பேசினார். என்னோடல்ல, ஓவசியரோடு.

"ஐயா, வாத்தியாரிலை குறை சொல்லாதையுங்கோ. அவர் படிச்சவர். அச்சிலை மேற்கெண்டு கிடந்தால் எனக்குத்தான் திசை பிழைச்சுப் போச்சோ தெரியாது. அவர் போன பிறகு எனக்கு ஒண்டும் நிதானமில்லை. நான்தான் அந்தப் புத்தகத்தை உங்கடை கையிலை குடுத்தனான்."

முப்பது வருடம் புருஷனுக்குச் சோறு கொண்டு நடந்த இடம். அதை விட்டு அவர் என் பாட்டை நம்பினார். எனக்கு வெட்கத்தால் நிலத்தில் புதைந்துபோகலாம் போல் இருந்தது. இப்போது நினைத்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

"ஐயா, அச்சுக்காரன்ரை பிழை இல்லை," என்றேன். "அக்காவுக்கும் திசை பிழைக்கேல்லை. சண்டை நடந்தது இஞ்சைதான். நான்தான் மேற்குக்கு மாத்தினனான்."

"ஏன்?"

"எதுகைக்கு."

ஓவசியர் இரண்டாம் முறை கேட்டார். இரண்டாம் முறையும் அதையே சொன்னேன். பிறகு காணிக்காரர் கதையும் வெளியே வந்தது, நான்கு கல்வெட்டுக் கதையும் வெளியே வந்தது. தொடங்கினால் நிறுத்த முடியாத வியாதி எனக்கு. வண்டில்காரன் ஒருவன் முன்னால் வந்து, "அப்ப என்ரை ஐயாவுக்கு எழுதினது ஆரின்ரை, வாத்தியார்?" என்று கேட்டான். புலவர் என்ற பட்டம் அந்த வெயிலில் ஒரு நாழிகைக்குள் காய்ந்து உதிர்ந்தது.

ஓவசியர் வேலையை நிறுத்தினார். ஆனால் மூன்று நாள் வண்டில் ஓடியிருந்தது. மதிலில் பெரும்பகுதி இறங்குதுறையடியில் கடலுக்குள் போய்விட்டது. கரையில் குவிந்திருந்த மிச்சக் கல்லைத் திருப்பிக் கொண்டுவரச் செய்து, அக்காவிடம், "எது எங்கை இருந்தது எண்டு சொல்லுவீங்களோ அம்மா?" என்று கேட்டார்.

"அவருக்குத் தெரியும்," என்றார் அக்கா.

கல்லை ஒரு கும்பமாகக் கொட்டினார்கள். மேற்கில் நட்ட கம்புகளைப் பிடுங்கி வந்து இரண்டு மேடுகளையும் சுற்றி நட்டார்கள். அந்த மேடுகள் மிஞ்சின. எல்லோரும் போன பிறகு நான் அக்காவிடம், மதில் எதுவரைக்கும் இருந்தது என்று கேட்டேன். அவர் காலால் கோடு போட்டுக் காட்டினார். பதினொரு வருடம் கூப்பிட்டும் வராதவன் அன்று அந்தக் கோட்டுக்குப் பின்னால் குப்புறப் படுத்துப் பார்த்தேன். பாய்மரத் தலைப்பாவது ஒன்றாவது! கடல் முழுவதும் தெரிந்தது. என்னையும் கடல் முழுவதற்கும் தெரிந்திருக்கும்.

அன்று பின்னேரம் அக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். கதிரையைப் போட்டு இருக்கச் சொல்லி, ஓவசியர் திருப்பிக் கொடுத்த புத்தகத்தை என் கையில் தந்தார்.

"அண்டைக்கு எல்லாரும் அழுதவை, எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. இப்ப ஆறுதலாய் வாசியும். திசை பிழைச்சால் பிழைச்சது. மற்றதைக் கேப்பம்."

ராகம் இழுக்காமல், ஒவ்வொரு பாட்டுக்கும் பொருள் சொல்லி வாசித்தேன். வண்டில் ஏறிப் பவனி வருபவர், வழக்கில் தோற்காதவர், பனைநிழலில் அமர்ந்து பலருக்கும் நீதி சொல்பவர், பகைவர் கண்டால் நடுங்கும் மீசைக்காரர். அவருக்கு மீசையே இல்லை. அக்கா ஒரு இடத்திலும் அழவில்லை. கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, எப்போதாவது புருஷன் வருவார் என்று வாசலைப் பார்ப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் பாட்டும் முடிந்தது.

"இது ஆர், வாத்தியார்?" என்று கேட்டார்.

"புங்குடுதீவிலை ஒரு காணிக்காரர், அக்கா."

"அப்ப இவருக்கு எழுதேல்லையோ?"

"இல்லை."

அவர் புத்தகத்தை வாங்கி, முன்பக்கத்தைத் தடவிப் பார்த்து, "இதிலை இவரின்ரை பேர் கிடக்குத்தானே?" என்றார். கிடக்கிறது என்றேன். மறுபடி சீலைத்துண்டில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தார்.

அதன் பிறகு நான் கல்வெட்டு எழுதுவதை விட்டுவிட்டேன். யாரும் வந்து கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அண்ணைக்கென்று ஒன்றை மெய்யாக எழுத வேண்டும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்து, இப்போதுதான் இதை எழுதி முடித்தேன். அக்கா இன்று இல்லை. இருந்து, இதையும் ஆறுதலாக வாசிக்கச் சொல்லியிருந்தால், கையைக் கன்னத்தில் வைத்துக் கடைசிவரை கேட்டுவிட்டு, இது ஆர் என்றுதான் திரும்பவும் கேட்டிருப்பார். இதிலும் அண்ணையைவிட நான்தான் அதிகம்.